பியானோவுக்குள் பதினோரு நாள் கடல்

புன்னைத்துறையில் கடல் ஊமையானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. மச்சாடோ வீட்டுக் கூடத்தில் இருந்த தானாக வாசிக்கும் பியானோ ஐம்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு நடனப் பாட்டை முழுதாக வாசித்து முடித்ததும் அதே நேரம்தான் என்று பிற்பாடு ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் அவரவர் காதைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது.

அந்தப் பியானோ ரொமால்டு மச்சாடோவின் தாத்தா கொழும்பில் வாங்கித் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தது. கீழே இரண்டு மிதிகட்டைகள், உள்ளே துருத்திகள், நெஞ்சுப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, கதவுக்குப் பின்னால் எண்பத்தெட்டு ஓட்டைகள் போட்ட ஒரு பித்தளைப் பட்டை, பட்டையின் மேல் ஊர்ந்து போகும் துளையிட்ட காகிதச் சுருள். மிதித்தால் துருத்தி காற்றை உறிஞ்சும். காகிதத்தில் துளை வருகிற இடத்தில் காற்று உள்ளே போகும். உள்ளே போன காற்றுக்குப் பதிலாக ஒரு கட்டை தானே அமுங்கும், பார்க்கிறவர்களுக்கு யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். மச்சாடோவின் அப்பா காலத்திலேயே அது நின்றுபோய், அதன்மேல் குடும்பப் படங்களும் ஒரு சொரூபமும் இடம் பிடித்துவிட்டன. ஐப்பசியில் மகள் கல்யாணம் என்று முடிவானபோதுதான், கோயிலிலிருந்து வரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாத்தாவின் பியானோ வாசித்து வரவேற்க வேண்டும் என்று மச்சாடோவுக்கு ஆசை வந்தது. அவர் அமலோற்பவத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அமலோற்பவம், ஊருக்கு அமலி, பதினைந்து வருடமாக ஆர்மோனியம் பழுது பார்க்கிறவள். கடற்கரை நெடுகிலும் எந்தக் கோயில் ஆர்மோனியம் இருமினாலும் அவள் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். ஆனால் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் நின்று "இன்னாசி கடை எது?" என்று கேட்பார்கள். இன்னாசி அவளுடைய அப்பா, இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அமலோற்பவம் என்ற பெயரைச் சொல்லி ஒரு வாத்தியத்துக்கு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த மாதிரி பியானோ முன்னால செஞ்சிருக்கியாம்மா?" என்று மச்சாடோ கேட்டார். "எம்மச்சினன் புதுச்சேரியில ஓட்டல் வச்சிருக்கான். அவன்ட்ட இதே மாதிரி ரெண்டு கெடக்கு. கல்யாணத்துக்கு வருவான், இது நல்லா வாசிச்சா அதையும் ஒன்ட்டதான் குடுப்பான்."

"செஞ்சிருக்கேன் ஐயா" என்றாள் அமலி. "ரெண்டு மூணு."

அவள் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நாலு மாதம் வேலை செய்தாள். உள்ளே எலிகள் கட்டிய கூட்டை எடுத்தாள், உளுத்துப்போன எண்பத்தெட்டு ரப்பர் குழாய்களை மாற்றினாள், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆட்டுத்தோலை வெட்டி வெட்டி ஒவ்வொரு காற்றறைக்கும் மூடி ஒட்டினாள், துருத்திக்குப் புதுத் துணி கட்டினாள், சுருள்களில் பூச்சி அரித்த துளைகளைத் தேடி மெல்லிய தாளால் மூடினாள். பாட்டின் துளைகளுக்கு ஓரம் சுத்தமாக இருக்கும், பூச்சியின் துளைக்கு ஓரம் பிசிறாக இருக்கும். அந்த வித்தியாசம் புரிந்ததும் தனக்கு இந்த வாத்தியம் முழுதும் புரிந்துவிட்டதாக அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. கடைசியாக, ஆர்மோனியத்துக்குச் செய்கிறபடியே, ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டு போனாள். ஆர்மோனியத்தில் காற்று சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், வேறு எங்கே வந்தாலும் அது கசிவு, புகை ஆடுகிற இடத்தை அடைத்துவிட வேண்டும். பியானோவின் அடிப்பலகையில், மிதிகட்டைகளுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் ஒரு வாய் இருந்தது. மிதிக்க மிதிக்க அதன் வழியே காற்று வந்து அவள் கணுக்காலில் பட்டது, ஊதுபத்திப் புகை கலைந்து ஓடியது. இவ்வளவு பெரிய கசிவை விட்டுவைத்துவிட்டு எப்படி வாசித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு, நல்ல கெட்டித் தோலாக ஒன்று எடுத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, அந்த வாயை அடைத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மச்சாடோ உட்கார்ந்து மிதித்தார், பியானோ வாசித்தது, கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், கைதட்டி முடித்து வாசலுக்கு வந்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அலை எப்போதும்போல எழுந்தது, சுருண்டது, விழுந்தது, நுரை மணலில் ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கிராமச் செவிலியர் நூற்று நாற்பது பேரின் காதுகளை டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, சொன்னதை யாரும் நம்பாததால் எல்லோருக்கும் இரண்டிரண்டு சொட்டு மருந்தும் விட்டார். மூன்று நாள்வரை ஊர் பழக்கத்தில் கத்தியே பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவரவர் குரல் அவரவருக்கே கேட்க ஆரம்பித்ததும் வெட்கம் வந்து, முதலில் பெண்களும் பிறகு ஆண்களும் குரலைத் தணித்தார்கள். அலைச்சத்தத்தை நம்பி வருஷக்கணக்காக வாய்க்குள் முணுமுணுத்து வந்ததெல்லாம் இப்போது பக்கத்து வீடுவரை கேட்டது. லூர்து அக்கா, இருபத்தாறு வருடமாகப் புருஷன் சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லுகிறார் என்று நம்பியிருந்தவள், அவர் சொல்லுவது செபம் இல்லை, குழம்பைப் பற்றியது என்று தெரிந்துகொண்டாள். பங்குச் சாமியாருக்கு வேறு சங்கடம்: பாவசங்கீர்த்தனத்தில் கிசுகிசுத்தால்கூடக் கடைசி பெஞ்சுவரை கேட்டது, அதனால் பாவங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார், எழுதத் தெரியாதவர்கள் வரும்போது மட்டும் பக்கத்தில் ரேடியோவைத் திறந்துவைத்தார். கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற சிலுவை, ஆறு கடற்கரைகளில் இல்லாத தொண்டை என்று பெயர் வாங்கியவர், வாயைத் திறந்தாலே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டதால், படித்த மனிதரைப்போல மெதுவாக ஏலம் கூறினார். கூறிவிட்டு ஒதுங்கிப் போய்த் தனியாக ஒரு தடவை கத்திவிட்டு வந்தார்.

குழந்தைகள்தான் தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து அலைச்சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் அது இல்லாமல் கண்ணை மூட மாட்டேன் என்றன. அதனால் தெருவுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டு, மதியத்தில் ஒரு பெண் சுளகில் அரிசியைப் போட்டு மெதுவாக ஒரு பக்கம் சரிப்பாள், மறுபக்கம் சரிப்பாள், ஷ்ஷ் என்று இழுத்து ஷ்ஷ் என்று விடுவாள், அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் தூங்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நன்றாகக் கேட்கிறது என்று தலைமையாசிரியர் சந்தோஷப்பட்டார். கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிய மனுவுக்கு, கடல் மீன்வளத்துறையைச் சேர்ந்தது என்றாலும் கடலின் சத்தம் சேராது என்று ஒரு பதிலும், சத்தம் அதிகமானால் மட்டுமே நடவடிக்கை எடுக்க விதி உண்டு என்று வேறொரு அலுவலகத்திலிருந்து இன்னொரு பதிலும் வந்தன. ஒரு வாரத்துக்குள் ஊர் இந்தப் புதுக் கடலுக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பழகாதவர்கள் படகுக்காரர்கள். ஆனால் அவர்கள் சொல்லவில்லை.

புன்னைத்துறைக்கு வரும் வழியில் தெற்கே கடலுக்குள் குதிரைப்பார் என்ற பாறைவரிசை இருக்கிறது. பாறையில் விழும் அலை உருட்டிவிட்ட தகரம்போலச் சத்தம் போடும், மணலில் விழும் அலை துணியைக் கிழிப்பதுபோல இழுக்கும். மழை மூட்டத்தில் கரை தெரியாதபோது இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் படகை நுழைப்பார்கள். அமலியின் புருஷன் கஸ்பார் அப்படி நுழைப்பதில் பேர்போனவன்.

"கேக்காம எப்படிங்க வாரிய?" என்று அமலி அவனிடம் கேட்டாள்.

"கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? பாத்து வாரோம்."

"மழை வந்தா?"

"ஏளா, மூணு தலைமுறையா வாற பாதை. காலால தடவிக்கூட வருவேன்" என்றான் கஸ்பார். பக்கத்து வீட்டிலிருந்து லூர்து அக்கா, "படகுல காலை எங்கப்பா விடுவ?" என்று கேட்டாள். சுவர்கள் அப்போது அப்படி இருந்தன.

நான்காவது நாள், சுருதி சரிபார்க்கப் போனபோது, அமலிக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தாள், தான் ஒட்டிய தோலின் ஓரம் முழுதும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தோல் பலூன்போல வெளியே உப்பியிருந்தது. விரலை வைத்தாள். அது ஒரு சீராக எழுந்து தணிந்துகொண்டிருந்தது. பியானோவின் நாலு கால்களும் பழைய இடத்தைவிட அரை விரற்கடை தரைக்குள் இறங்கியிருந்தன. உள்ளே போகிற காற்றுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும், அந்த வழியைத்தான் கசிவு என்று நினைத்து அடைத்திருக்கிறோம், இது மூச்சை இழுத்தது, விடவில்லை, இழுத்துக்கொண்டே இருக்கிறது, கடைசியில் அருகில் இருந்ததிலேயே பெரிய சத்தத்தை இழுத்துவிட்டது என்று அவளுக்குப் படிப்படியாக, ஒரு கணக்கைப்போலப் புரிந்தது. முந்தானையால் உப்பைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மச்சாடோ.

"நல்லாருக்கு ஐயா."

தோலைப் பிரித்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், இதுவரை நீ ஒன்றுகூடச் செய்ததில்லையா என்று கேட்பார். கஸ்பாரிடம் மட்டுமாவது சொல்லலாம் என்று பார்த்தாள். வீட்டுக்குள் சொல்லுவது தெருவுக்குச் சொல்லுவது என்று ஆகிவிட்ட ஊரில் ஒருவரிடம் மட்டும் சொல்ல வழி இல்லை. கல்யாணம் முடியட்டும், அதுவரை மழை வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் உப்பைத் துடைத்தாள். வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை. சுளகைச் சரிக்கும் முறை தன் வீட்டுக்கு வந்தபோது மற்றவர்களைவிட அதிக நேரம் சரித்தாள்.

பதினோராவது நாள் மதியம் கொண்டல் காற்றோடு மழை வந்தது. கடற்கரையில் நின்றவர்களுக்குத் தங்கள் கால்விரல்கள்கூடத் தெரியவில்லை. அன்றைக்குக் கடலுக்குப் போன ஐந்து படகுகளில் நான்கு எப்படியோ வந்தன. கஸ்பார் படகு குதிரைப்பாரில் ஏறியது. ஏறும்வரை, ஏறுகிறோம் என்று படகில் இருந்த நாலு பேருக்கும் தெரியாது. பாறையில் மோதிய அலை அவர்கள் முகத்துக்கு முன்னால் ஆளுயரத்துக்கு எழுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. மழை விட்டதும் போய் நாலு பேரையும் பாறையிலிருந்து எடுத்து வந்தார்கள். மூன்று பேருக்குச் சிராய்ப்பு. கஸ்பாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. படகு இரண்டாகிவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அமலி நேராக மச்சாடோ வீட்டுக்குப் போனாள்.

"அடியில ஒரு தோலைப் பிரிக்கணும் ஐயா. கடல் இதுக்குள்ளதான் இருக்கு."

மச்சாடோ பியானோவைப் பார்த்தார், ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "நானும் நெனச்சேன்" என்றார். "கூடத்துல ஈர வாடை அடிக்குதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கா. பிரிச்சா பியானோ வாசிக்குமா?"

"தெரியல ஐயா."

"இன்னும் ஒம்பது நாள்தானம்மா இருக்கு. அதுவரை படகு எறங்க வேண்டாம்னு ஊர்க் கமிட்டில நான் சொல்லுதேன்."

"எரியாம கெடன்னு நீங்க சொன்னா எங்க அடுப்பு ஒம்பது நாள் கேக்குமா ஐயா?" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லுவதற்குள் அவள் குனிந்து கத்தியை வைத்துவிட்டாள். தோல் பிரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிதிகட்டையில் காலை வைத்து ஒருமுறை மிதித்தாள்; ஒரு முழு அலை, இழுப்பும் விழுகையும் நுரையின் சலசலப்புமாக, கூடத்தில் விழுந்து, நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, வாசற்படி இறங்கித் தெருவில் போயிற்று. ஏலக் கொட்டகையில் இருந்தவர்கள் தங்களைக் கடந்து கடலை நோக்கிப் போன சத்தத்துக்கு வழிவிட்டு நின்றார்கள்.

"பழைய பியானோன்னா இப்படித்தான் ஏதாவது இருக்கும்போல" என்றார் மச்சாடோ.

அமலி பிரித்த தோலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரு மிதிக்கு ஓர் அலைதான் வந்தது. பதினோரு நாள் அலை உள்ளே இருந்தது, அது தீராமல் அன்றன்றைய சத்தத்துக்குக் கடலில் இடம் இல்லை. ஊர்க் கமிட்டி கூடித் தெருவாரியாக முறை போட்டது. ஒரு பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டையாக மிதித்தால் சீக்கிரம் முடியும் என்று கண்டுபிடித்தது சிலுவை. பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் சேர்ந்து மிதித்தார்கள், மருமகளும் மாமியாரும் மிதித்தார்கள், பங்குச் சாமியார் வெள்ளிக்கிழமை முறைக்கு வந்து துண்டுச் சீட்டுப் பாவங்களை எரித்துவிட்டதாக எல்லோருக்கும் சைகையில் சொன்னார். வடக்குக் கடைசியிலிருந்து ஆரம்பித்து, கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சத்தத்தைத் திரும்பப் பெற்றது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் அமலோற்பவத்தின் பெயரைச் சொன்னார். கடலை அவிழ்த்துவிட்டவள் என்றார். வெளியே வந்ததும் ஒரு கூட்டம் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கஸ்பாரோடு படகில் இருந்த மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, பெரிய சீலா மீனாக ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைக் குழம்பு வைத்து, தான் தொடாமல், லூர்து அக்கா வீட்டுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் அவளுக்கும் லூர்து அக்காவுக்கும் ஒன்றாக முறை வந்தது. கூடம் முழுதும் அலை முழங்கிக்கொண்டிருந்தது. மிதித்துக்கொண்டே அமலி, "அக்கா, அந்த ஓட்டையை அடைச்சது நாந்தான். கசிவுன்னு நெனச்சிட்டேன். நாலாவது நாளே தெரியும், சொல்லல" என்றாள். முழுசாக, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

லூர்து அக்கா அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஆமாளா" என்று காதருகில் வந்து கத்தினாள், "நேத்து மீனுல உப்பு கூடித்தான் போச்சு."

கல்யாணத்துக்கு முந்தின நாள் குதிரைப்பாருக்கும் சத்தம் வந்து சேர்ந்தது. பியானோவில் கடல் தீர்ந்தது. சுருளை மாட்டி மிதித்தார்கள்; முன்னைவிட மெதுவாக, ஆனால் ஒரு சுரமும் தவறாமல் வாசித்தது. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வந்து இறங்கியபோதும் வாசித்தது. வெளியே அலை, உள்ளே ஜனம், சாப்பாட்டுப் பந்தலில் எல்லோரும் பழையபடி கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சாடோ ஒரு கண்ணாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு அமலியிடம் வந்தார்.

"இவதான். கடலையே அவுத்துவிட்டவ."

புதுச்சேரி மச்சினர் அவளை மரியாதையாகப் பார்த்தார். "இந்த மாதிரி பியானோ நெறைய பண்ணியிருக்கீங்களாமே?"

அமலி பந்தலுக்குள் பார்த்தாள். தோளில் கட்டோடு கஸ்பார் இடதுகையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இல்லங்க" என்றாள். "இதான் மொதல்."

"என்ன?" என்றார் அவர், காதைச் சாய்த்து.

"இதான் மொதல்னேன். மூச்சு விடுற வாயைக் கசிவுன்னு நெனச்சு அடைச்சிட்டேன்."

"கேக்கலம்மா."

அவள் புன்னைத்துறையில் பிறந்தவள், அலைக்கு மேல் பேசத் தெரிந்தவள். அந்தக் குரலை எடுத்தாள். "கடலை அவுத்துவிட்டதும் நாந்தான், உள்ள போட்டு அடைச்சதும் நாந்தான்" என்றாள். "நாலாவது நாளே தெரியும். படகு ஒடஞ்ச பெறவுதான் சொன்னேன். அப்பவும் பாதிதான் சொன்னேன்."

பந்தலில் இலைகளின்மேல் கைகள் நின்றன. பியானோவை மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுத்துவிட்டார். அலை மட்டும் வந்து விழுந்துகொண்டிருந்தது. மச்சாடோ தன் கோட்டு நுனியைப் பார்த்தார். புதுச்சேரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறேன் என்று சொன்னதை அப்போதே யாரும் நம்பவில்லை, அது வரவும் இல்லை.

"அப்ப அந்தப் பதினோரு நாளு நான் மெல்லப் பேசினதுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றார் சிலுவை. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கஸ்பாரைப் பார்த்தார்கள், ஏனென்றால் எலும்பு அவனுடையது, படகும் அவனுடையது.

கஸ்பார் எழுந்து வந்தான். கையில் சோறு ஒட்டியிருந்தது. "என்ட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

அவள் என்னவோ சொன்னாள்.

"கேக்கலளா."

"பயந்துட்டேன்னேன்" என்றாள் அமலி, பந்தலின் கடைசி வரிசைவரை கேட்கும்படி.

கஸ்பார் குதிரைப்பார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். படகில் அவனோடு இருந்த மூன்று பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு அவன் அவள் பக்கம் திரும்பினான். தனக்குத் தெரிந்த ஒரே குரலில், பாதை தெரியாத படகைக் கூப்பிடுகிற குரலில் சொன்னான்:

"நாங்களுந்தான்."